தாயி, மொதல்ல திண்ணையில உக்காரு

தாயி, அந்தக் கட்டைக் கீழ இறக்கி வையி. 384 படிவத்தையும் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே பேசுனா, பாக்குத எனக்குல்லா கழுத்து வலிக்கி. மோரைக் குடி. நான் பழைய எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார். ஜனத்தொகைக் கணக்கு, வாக்காளர் பட்டியல்னு சர்க்கார் எதை எண்ணச் சொன்னாலும் எண்ணிக் குடுத்தவன். இப்ப என் வெள்ளாடுகளை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்கேன். அதனால உனக்கு நாலு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. நீ கேக்காட்டியும் சொல்லுவேன். வயசானவனுக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான்.

அதென்ன தாயி, எல்லாப் பயலும் 384ங்கான்? மதுரையில இருந்து வந்தவனும் 384, பாளையங்கோட்டையில இருந்து வந்தவளும் 384. கைடு காதுல ஓதி விடுத மந்திரமான்னு ஒருத்தனைப் பிடிச்சுக் கேட்டேன். அவன் கொஞ்சம் விவரமானவன். கிரெஜ்சி, மார்கன்னு ரெண்டு பேர் 1970ல ஒரு அட்டவணை போட்டு வச்சிருக்காங்களாம். ஜனம் பத்து லட்சமா இருந்தாலும், முன்னப்பின்ன அஞ்சு சதவீதம் தப்பைப் பொறுத்துக்கிடுதேன், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை சரியா வந்தாப் போதும்னு நினைக்கிறவனுக்கு 384 பேர் போதுமாம். கணக்குல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அதுக்கு அடியில ஒரு நிபந்தனை கிடக்குல்லா, அதை யாரும் படிக்கிறதில்ல. ஆளைக் குலுக்கிப் போட்டு எடுக்கணும். நீ எங்க எடுக்கப் போற? பஸ்ஸை விட்டு இறங்குன இடத்துல இருக்கிற டீக்கடையில.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீயும் ஆய்வுரையில மொத அத்தியாயத்துல எழுதத்தான் போற. எங்க கோயில் கொடைக்கு வந்து பாரு. அண்டாவுல அடியில தீஞ்சு கிடக்கும், மேல அரிசி அரிசியா நிக்கும். துடுப்பைப் போட்டுக் கிண்டுனவனுக்குத்தான் ஒரு சோறு பதம் சொல்லும். டீக்கடையில இருக்கிறவன் மேல மிதக்கிற சோறு. அங்க பொம்பளைங்க வர மாட்டாங்க. விடிய முன்ன களையெடுக்கப் போனவங்க இருக்க மாட்டாங்க. தனி கிளாஸ் வச்சிருந்த காலத்தை மறக்காத தெக்குத் தெருக்காரர் சிலர் இன்னைக்கும் அந்தப் பெஞ்சுல உக்கார மாட்டாங்க. இவங்க யாரும் இல்லாம நீ எடுத்தது வெறும் 384 காகிதம்தான். அதை ஆராய்ச்சின்னு சொல்லாத.

சரி, ஆளைப் பிடிச்சிட்ட. ஆறாவது கேள்வி, குடும்ப ஆண்டு வருமானம். ஏ தாயி, கலர் பென்சிலும் கழுத்துல அடையாள அட்டையும் மாட்டிக்கிட்டு ஒருத்தி வந்து வருமானம் கேட்டா, எங்க ஆளுக என்ன நினைப்பாங்க? ரேஷன் கார்டைப் பிடுங்க வந்திருக்கா, இல்லேன்னா வீடு கட்டுத திட்டத்துக்கு ஆள் எடுக்க வந்திருக்கா. ரெண்டுல எதுவா இருந்தாலும் பதில் ஒண்ணுதான், குறைச்சுச் சொல்லணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 72,000 ரூவாயா இருந்த காலத்துல ஊரே 72,000த்தைத் தாண்டாம இருந்துச்சு. நெல்லு வச்சவனும் அவ்வளவுதான், நெல்லு மிஷின் வச்சவனும் அவ்வளவுதான். வரம்பை 1,20,000 ஆக்குனாங்க. எல்லாரும் ஒரே ராத்திரியில முன்னேறிட்டோம். இதை உன் கம்ப்யூட்டர்ல போட்டா 'வருமானம் கணிசமா உயர்ந்திருக்கு, பி மதிப்பு 0.05க்குக் கீழ'ன்னு அது சொல்லும். அதுக்கென்ன, அது எங்க ஊருக்கு வந்ததா போச்சா?

இதே ஆளுகிட்ட பொண்ணு கேட்டு ஒரு தரகரை அனுப்பி அதே கேள்வியைக் கேளு. நிலம் ரெட்டிப்பாகும், கிணறு ரெண்டாகும்.

ஒன்பதாவது கேள்வியைப் பாத்தேன். "நூறுநாள் வேலை என் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்தியுள்ளது." பதிலுக்கு அஞ்சு கட்டம்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை. இந்த அஞ்சு படியை ஏத்தி வச்சவர் லைக்கர்ட்னு ஒரு அமெரிக்கர், 1932ல. நல்ல மனுசரா இருந்திருப்பார். ஆனா எங்க முத்தாச்சிகிட்ட போய் இதைக் கேட்டேன்னு வச்சுக்கோ, அவ என்ன சொல்லுவா? "கூலியே இன்னும் ஏறல, ஏறட்டும் தாயி, சொல்லுதேன்"ம்பா. இது அஞ்சுல எந்தக் கட்டம்? உன் ஆளு அவசரத்துல 'கருத்தில்லை'ன்னு ஒரு டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். முத்தாச்சிக்கா கருத்தில்ல? அவ கருத்து சொல்லித்தான் ரெண்டு பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த தேர்தல்ல நிக்கல.

இது எங்க ஊர் வியாதின்னு நினைச்சுக்கிடாத. பஞ்சாப் வரைக்கும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 1950கள்ல லூதியானா மாவட்டத்துக் கன்னா பக்கத்துல சில கிராமங்களை எடுத்துக்கிட்டாங்க. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக் காசு, இந்திய சர்க்கார் ஆதரவு. சனங்களுக்குக் கருத்தடை மாத்திரை குடுத்தா பிறப்பு விகிதம் இறங்குதான்னு பாக்கணும். அளவுசார் ஆய்வுக்கு இதைவிட ஒழுங்கா ஒரு ஏற்பாடு செய்ய முடியாது. மாத்திரை குடுக்கிற ஊர் தனி, குடுக்காம ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற ஊர் தனி. வீடு வீடா மாசாமாசம் போய்க் கேட்டு எழுதுனாங்க. வருசக்கணக்கா நடந்துச்சு. மாத்திரை வாங்கிக்கிட்டவங்க கணக்கு அமோகமா இருந்துச்சு. பிறப்புக் கணக்கைப் பாத்தா, மாத்திரை குடுத்த ஊருக்கும் குடுக்காத ஊருக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல.

பெறகு மஹ்மூத் மம்தானின்னு உகாண்டாவுல வளர்ந்த ஒரு இளவட்டம் அந்த ஊர்கள்ல ஒரு ஊருக்குப் போய்த் தங்குனார். 384 படிவம் ஒண்ணும் கொண்டுபோகல, பேசுனார். ஒரு வீட்டுல அந்த மாத்திரை டப்பாவை எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி மூலையில அலங்காரமா வச்சிருந்தாங்க! இதையெல்லாம் ஏன்யா வாங்குனீங்கன்னு கேட்டா, அவங்க சொன்ன சாரம் இதுதான்: எங்கேயோ தூரதேசத்துல இருந்து வந்திருக்காங்க, நல்ல மனுசங்களா இருக்காங்க, வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு கெஞ்சுதாங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்ல மனசு வரல, வாங்கி வச்சுக்கிட்டா அவங்களுக்கும் ஒரு பதவி உயர்வு கிடைச்சிருக்கும். பாத்தியா தாயி, படிவத்துல 'ஏற்றுக்கொண்டார்'னு விழுந்த டிக்கு உண்மையில என்ன? விருந்தாளிக்குக் குடுத்த மரியாதை.

பயன்படுத்தாததுக்குக் காரணமும் சொல்லியிருக்காங்க. வயல்ல வேலை செய்ய ஆள் வேணும், கூலி குடுத்துக் கட்டுப்படியாகாது, பிள்ளைதான் ஆள். தண்ணி சுமக்கிற ஒருத்தர், ஆராய்ச்சிக்காரரைப் பாத்து, அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு என் மகன்மார் சம்பாத்தியத்துல நான் காலாட்டிக்கிட்டு இருந்திருக்க முடியுமான்னு கேக்கார். அவர் அறியாமையில பெத்துக்கிடல, கணக்குப் போட்டுத்தான் பெத்திருக்கார். ஹார்வர்டுக் கணக்கைவிட அவர் கணக்கு அவருக்குச் சரியா வந்துட்டு. மம்தானி இதை 1972ல புத்தகமாப் போட்டார். அதுலயும் எல்லாம் வேதவாக்குன்னு நான் சொல்லல. ஒரே ஊர்ல உக்காந்து கேட்டதை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுதிட்டார்னு குறை சொன்னவங்க உண்டு. ஆனா அந்த டப்பா அடுக்கை எந்தக் கேள்வித்தாளும் கண்டுபிடிச்சிருக்காது. 'மாத்திரையை மூலையில அலங்காரமா வைத்துள்ளீர்களா, ஆம் அல்லது இல்லை'ன்னு கேக்க எவனுக்குத் தோணும்?

கேள்வியைக் கொஞ்சம் திருகுனா நாடே மாறிப்போகும், தெரியுமா உனக்கு? புள்ளியியல் மேதை மகலனோபிஸ் 1950ல ஆரம்பிச்சு வச்ச தேசிய மாதிரி ஆய்வு இருக்குல்லா, அதுல ரொம்ப காலமா "போன முப்பது நாள்ல என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு செலவு"ன்னு கேட்டாங்க. 1999-2000ல நடந்த 55ஆவது சுத்துல சாப்பாட்டுக்கு மட்டும் ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் ஒரே ஆளுகிட்ட பக்கத்துப் பக்கத்துல கேட்டு எழுதுனாங்க. ஏழு நாளைக்கு இவ்வளவுன்னு சொன்ன மனுசன், முப்பது நாள்னதும் முன்ன சொன்னதுக்கு ஒத்துவரும்படி கூட்டித்தான் சொல்லுவான். 1993-94ல 36 சதவீதமா இருந்த வறுமை 26 சதவீதம் ஆயிட்டு. நெசமாவே அவ்வளவு இறங்குச்சா, கேள்வி இறக்குச்சான்னு பொருளாதார மேதைங்க வருசக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க, அதுக்கே ஒரு தடிப் புத்தகம் வந்துச்சு. முந்தாநாள் என்ன குழம்புன்னு எங்க வீட்டுக் கிழவிகிட்ட கேட்டா, "ஏன், இன்னைக்குக் குறையா?"ம்பா. முப்பது நாளைக்கு அவகிட்ட கேட்டு எழுதுனதை வச்சுத்தான் தேசத்துல சண்டை.

அவளையே இன்னொண்ணு கேளு: என்ன வேலை பாக்கீங்க? "நான் என்ன வேலை பாக்கேன், சும்மா வீட்டுலதான் இருக்கேன்." கோழி கூவ எந்திரிச்சுச் சாணி அள்ளி, ஆட்டுக்குக் கொழை ஒடிச்சு, முள் வெட்டி, கடலை உரிச்சு, பேரனைக் குளுப்பாட்டி, ராத்திரி பத்து மணிக்குப் பாயில விழுதவ, சும்மா இருக்காளாம்! தேசிய மாதிரி ஆய்வுக்காரங்க இவளுக்கு நம்பர் வச்சிருக்காங்க. வீட்டு வேலை மட்டும்னா 92. வீட்டு வேலையோட விறகு, தீவனம் பொறுக்குனா 93. ரெண்டு நம்பருமே உழைப்பாளர் கணக்குக்கு வெளிய. 1991 ஜனத்தொகைக் கணக்குலதான் வேலை பாத்தீங்களாங்கிற கேள்வியோட, வயல்லயோ குடும்பத் தொழில்லயோ சம்பளமில்லாமப் பாத்ததையும் சேத்துன்னு ஒரு வரியைச் சேத்தாங்க. அந்த ஒரு வரி எப்படி வந்துச்சு? யாரோ களத்து மேட்டுல நின்னு பாத்து, என்னடா இது இவளை எண்ணவே இல்லையேன்னு சத்தம் போட்டதாலதான். 1998-99ல தமிழ்நாட்டையும் சேத்து ஆறு மாநிலத்துல நேரக் கணக்கு எடுத்தாங்க. வேலை பாக்கியான்னு கேக்காம, நேத்து காலையில இருந்து என்னென்ன செஞ்சேன்னு கேட்டாங்க. கிழவி அப்ப மாட்டிக்கிட்டா, சும்மா இருந்ததெல்லாம் மணிக்கணக்கா வெளிய வந்துட்டு.

வயசுக் கதையும் இதுதான். பழைய ஜனத்தொகைக் கணக்கை எடுத்துப் பாரு, நம்ம நாட்டுல அம்பது, அம்பத்தஞ்சு, அறுபதுல கூட்டம் நெருக்கித் தள்ளும். அம்பத்தொண்ணுல ஆளே இருக்காது. எல்லாரும் முழுசா ரவுண்டா வயசு சொல்லுவாங்க. இந்தத் தப்பையே அளக்கிறதுக்கு விப்பிள் குறியீடுன்னு ஒண்ணு இருக்கு. எல்லாரும் ஒழுங்காச் சொன்னா 100, எல்லாரும் அஞ்சுலயும் பூச்சியத்துலயும் முடிச்சா 500. எங்க வாத்திமார் கூட்டத்துல கெட்டிக்காரர் ஒருத்தர் இருந்தார். வயசு கேக்கவே மாட்டார். "தனுஷ்கோடிப் புயலப்போ உங்க மூத்தவன் நடந்தானா, கைப்பிள்ளையா?"ம்பார். புயல் 1964 டிசம்பர். கைப்பிள்ளைன்னா மகன் வயசு வந்துட்டு, அதுல இருந்து தாய் வயசையும் பிடிச்சிருவார். எண்ணிக்கை எழுதுத கட்டத்துக்குள்ள போகணும்னா ஒரு கதை வழியாத்தான் போகணும்னு அவருக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு முனைவர் பட்டம் குடுக்கல. எண்ணுனதுக்குக் குடுக்கிற படிகூட லேட்டாத்தான் வந்துச்சு.

இதைக் கேட்டதும் உனக்கு மூஞ்சி மலருது. 'அப்பப் பண்புசார் ஆய்வுதான் சரி, படிவத்தைத் தூக்கிப் போட்டுட்டு ரிக்கார்டரை எடுக்கேன்'னு கிளம்பாத. அந்தக் கூட்டத்தையும் எனக்குத் தெரியும். ஒரு பையன் வந்தான், தாடி, ஜோல்னாப் பை. "நான் எண்ண மாட்டேன் தாத்தா, அனுபவத்தைக் கேப்பேன்"னான். கேட்டான், கேட்டான், யார்கிட்ட? என்கிட்டயும் கோயில் தர்மகர்த்தாகிட்டயும். ஊர்ல வாய் உள்ளவன் நாங்க ரெண்டு பேருதான், வேலை இல்லாதவனும் நாங்கதான். பன்னெண்டு பேர்கிட்ட பேசுனதும், இதுக்குமேல புதுசா ஒண்ணும் வரல, செறிவு எட்டிட்டுன்னு கிளம்பிட்டான். வராம என்ன செய்யும்? பன்னெண்டு பேரும் ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே சீட்டாட்டம். நான் விட்ட கதைகளை அவன் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டான். எங்க தாத்தா புலி அடிச்சதையும் சேத்து. இந்தக் கரிசக்காட்டுல புலி ஏது?

பெரிய ஆளுகளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. ஆந்த்ரே பெத்தேல்னு ஒரு சமூகவியலாளர், 1960களோட தொடக்கத்துல தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊர்ல தங்கி, ஸ்ரீபுரம்னு அதுக்குப் புனைபேர் வச்சு, சாதி, வர்க்கம், அதிகாரம் பத்தி 1965ல புத்தகம் போட்டார். அக்கிரகாரத்துல தங்குனதால அவரை ஊர்ல அக்கிரகாரத்து ஆளாத்தான் பாத்தாங்க. சேரிக்குள்ள நினைச்ச நேரம் போய்ப் பழக முடியல. இதை அவரே மறைக்காம எழுதி வச்சிருக்கார், அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். எந்தத் திண்ணையில உக்காந்தோங்கிறதைச் சொன்னவன் யோக்கியன். மலினோவ்ஸ்கின்னு ஒருத்தர், ட்ரோப்ரியாண்ட் தீவுல சனங்களோட சனமாக் கூடி இருந்து பாக்கணும்னு உலகத்துக்கே பாடம் சொன்னவர். அவர் செத்து இருபத்தஞ்சு வருசம் கழிச்சு 1967ல அவர் நாட்குறிப்பை அச்சுப் போட்டாங்க. பகல்ல கூடி இருந்த மனுசன் ராத்திரியில அதே சனங்களைத் திட்டித் தீத்திருக்கார். தாயி, நீ டைரி எழுதினா பத்திரமா வச்சுக்கோ.

ஆனா கூடி இருந்தவனுக்கு ஒரு சொத்து சேரும், அதையும் சொல்லணும். எம்.என். சீனிவாஸ்னு இன்னொரு சமூகவியலாளர், 1948ல மைசூர்ப் பக்கம், ராம்புரான்னு அவர் புனைபேர் வச்ச ஊர்ல தங்கிக் குறிப்பு எடுத்தார். வருசக்கணக்கா அதைச் சீர்பண்ணி அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டுபோனார். 1970 ஏப்ரல்ல அங்க எவனோ தீ வச்சு அவர் பதப்படுத்தி வச்சிருந்த குறிப்பு அத்தனையும் எரிஞ்சு போச்சு. மனுசன் நினைவுல இருந்தே எழுதி, 1976ல 'நினைவில் நிற்கும் கிராமம்'னு பொருள்படுத ஒரு புத்தகத்தைக் குடுத்தார். அது இன்னைக்கும் பாடப்புத்தகம். உன் 384 படிவம் எரிஞ்சா, நினைவுல இருந்து எதை எழுதுவ? நாப்பதாவது படிவத்து ஆள் மீசை வச்சிருந்தானா இல்லையான்னாவது சொல்லுவியா?

இனி சொல்லுதது நையாண்டி இல்ல. பேசுனா எதுவும் வெளிய வராத ஊரும் உண்டு. சேலம் ஜில்லாவுல பொம்பளப் பிள்ளை பிறந்தா என்ன ஆகுதுன்னு எந்தத் திண்ணையில உக்காந்து கேட்டிருந்தாலும் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. தாத்தாமாருங்க எல்லாரும் தெய்வத்தைக் கும்பிடுவோம், லட்சுமின்னு கொஞ்சுவோம்னுதான் சொல்லியிருப்பாங்க. 1991 ஜனத்தொகைக் கணக்கு வந்துச்சு. ஆறு வயசு வரைக்கும் ஆம்பளப் பிள்ளைங்க ஆயிரத்துக்கு, தமிழ்நாட்டுல பொம்பளப் பிள்ளைங்க 948. சேலத்துல 849. அந்த மிச்சம் எங்க போச்சுன்னு எந்தக் கதையாலும் மறைக்க முடியல. மறுவருசம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அங்கதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. அது எவ்வளவு பெரிசுன்னு எண்ணினதாலதான் தெரிஞ்சது. ஏன் இப்படிச் செஞ்சாங்க, எந்த வீட்டுல யார் முடிவு, வரதட்சணை எங்க வந்து அழுத்துச்சுங்கிறதை மட்டும் அந்த 849 சொல்லாது. அதுக்கு ஆளுக போயி அழுகையோட உக்காந்து கேக்க வேண்டியிருந்துச்சு.

எண்ணுனதோட பலனுக்கு இன்னொரு சாட்சி, இங்கன இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற கங்கைகொண்டான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரம் சொல்லிக்குடுக்க வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்குல தன் மாணவங்க லீவுக்கு ஊருக்குப் போகும்போது கேள்வித்தாளைக் குடுத்து அனுப்புனார். போயி உங்க உங்க ஊரை எழுதிட்டு வாங்கடேன்னார். கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், பழைய தஞ்சாவூர் ஜில்லாவுப் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டு தூசி எல்லாம் 1918ல புத்தகத்துல வந்துட்டு. 1936-37ல தாமஸ், ராமகிருஷ்ணன்னு ரெண்டு ஆய்வாளருங்க அதே ஊர்களுக்குத் திரும்பப் போனாங்க. பெறகும் வேற ஆளுக போனாங்க. இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும் போயிருக்காங்க. நிலம் யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு, பண்ணையாள் எப்ப கூலியாள் ஆனான்னு தொண்ணூறு வருசத்துக்கு அடுத்தடுத்து வச்சுப் பாக்க முடியுதுன்னா, மொதல்ல போனவன் எண்ணி எழுதி வச்சதாலதான். எண்ணப் போனவன் சொந்த ஊர்க்காரன், யாரு பொய் சொல்லுதான்னு அவனுக்குத் தெரியும். ஸ்லேட்டர் கெட்டிக்காரர்.

இப்ப புதுசா ஒரு ஃபேஷன். மிக்ஸ்டு மெத்தடு, ரெண்டும் கலந்ததாம். 384 படிவத்தை எஸ்.பி.எஸ்.எஸ்.ங்கிற கம்ப்யூட்டர் மென்பொருள்ல போட்டு அரைச்சுட்டு, கடைசியில இட்லிக்கு மேல பொடி தூவுத கணக்கா ரெண்டு கிழவி பேசுனதைத் தூவி விட்டுருதான்! அது வேண்டாம். நீ ஒழுங்காச் செய்யணும்னா வரிசையை மாத்து. மொதல்ல கொஞ்ச நாள் படிவத்தைப் பரண்ல போட்டுட்டு, தெக்குத் தெரு, வடக்குத் தெரு, களத்து மேடு, ரேஷன் கடை வரிசை, ஆசுபத்திரிப் பெஞ்சு எல்லாத்துலயும் உக்காரு. சனங்க எந்தச் சொல்லால பேசுதாங்களோ, அந்தச் சொல்லுல கேள்வியைத் திருப்பி எழுது. பெறகு எண்ணு, டீக்கடையில இல்ல, வீட்டுப் பட்டியலை வச்சுக் குலுக்கி எண்ணு. எண்ணின பெறகு எந்த எண் உன்னை முழிக்க வைக்குதோ, அந்த எண்ணோட மறுபடியும் முத்தாச்சி வீட்டுக்குப் போ. உன் கைடு, ரெண்டு மடங்கு நாள் ஆகுமேன்னு கத்துவார். கத்தட்டும், அவருக்கு வெயில்ல நடக்கிற வேலை இல்ல.

இன்னொண்ணு. இத்தனை பேரு வந்து எழுதிட்டுப் போனாங்க, ஒருத்தரும் என்ன எழுதுனாங்கன்னு திரும்ப வந்து எங்களுக்குக் காட்டல. எங்களைப் பத்தி எழுதுனதை நாங்க படிச்சது கிடையாது. நீ பட்டம் வாங்குன பெறகு நாலு பக்கம் தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதி, ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டிட்டுப் போ. தப்பு இருந்தா முத்தாச்சி அந்தச் சுவத்துகிட்டயே நின்னு சொல்லிருவா.